தற்சார்பைத் தேடிப் போய்ப் போரில் நின்ற ஜப்பான்

1941 டிசம்பரில் பசிபிக் போரைத் தொடங்கியபோது ஜப்பானின் கையில் இருந்த எண்ணெய் ஏறத்தாழ 84 லட்சம் கிலோலிட்டர். தரைப்படை, கடற்படை, தொழிற்சாலை, லாரி, மீன்பிடிப் படகு என எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இது. போர்க்காலச் செலவுக்கு இரண்டு வருடம் தாங்கினால் அதிகம். நீகாத்தா, அகிதா எண்ணெய் வயல்களில் ஜப்பான் ஒரு வருடம் முழுக்க எடுத்ததை அமெரிக்கா ஒரே நாளில் எடுத்துக்கொண்டிருந்தது. ஜப்பான் பயன்படுத்திய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அந்த அமெரிக்காவிலிருந்துதான் வந்தது.

இதைப் பார்த்துவிட்டு, புத்தி கெட்ட முடிவு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அமெரிக்கா கழுத்தை நெரித்தது, வேறு வழியில்லாமல் திருப்பி அடித்தார்கள் என்பவர்களும் உண்டு. இரண்டாவது வாதம் இன்றும் நன்றாக விலைபோகிறது. தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் இரண்டுமே நிற்காது. ஜப்பானிய ராணுவத் தலைமை இருபது வருடத்துக்கும் மேலாகத் தேடியது ஒன்றைத்தான்: வேறு எந்த நாட்டின் தயவும் இல்லாமல் போர் நடத்தும் தற்சார்பு. அதற்காக வைத்த ஒவ்வொரு அடியும் அமெரிக்க டாலரையும் அமெரிக்க எண்ணெயையும் முன்பைவிடக் கூடுதலாகக் கேட்டது. போதும் என்று நிறுத்தும் அதிகாரம் யாரிடமும் இல்லாதபடி அரசமைப்பும் அமைந்திருந்தது.

தேடல் தொடங்கியது முதல் உலகப் போரில். கடல் முற்றுகையால் உணவும் மூலப்பொருளும் வற்றிப்போய் ஜெர்மனி தோற்றது என்பதே ஐரோப்பாவுக்குப் போய்ப் பார்த்துவந்த ஜப்பானிய அதிகாரிகள் எடுத்துக்கொண்ட பாடம். நகாதா தெத்சுஸான் இவர்களில் முக்கியமானவர். அடுத்து வருவது முழு நாடும் இறங்கும் போர். இரும்பு, எண்ணெய், பஞ்சு, ரப்பர், தானியம் எல்லாவற்றையும் அமைதிக் காலத்திலேயே வரிசைப்படுத்தி வைத்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்பது இவர்கள் வாதம். ஆள்பலமும் ஓரளவு நிலக்கரியும் தவிர ஜப்பானிடம் எதுவும் போதுமான அளவு இல்லை. கண் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியா மேல் விழுந்தது.

அங்கே ஏற்கெனவே ஒரு கால் ஊன்றியிருந்தது. 1894-95 போரில் சீனாவை வென்ற ஜப்பான், ஷிமோனோசெகி ஒப்பந்தப்படி தைவானையும் 20 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளி இழப்பீட்டையும் பெற்றது. மஞ்சூரியாவின் தெற்கிலுள்ள லியாவ்தொங் தீபகற்பத்தையும் பெற்றது; ஆனால் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து மிரட்ட, கூடுதலாக 3 கோடி தேல் வாங்கிக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுத்தது. இழப்பீட்டுப் பணத்தின் ஒரு பகுதியில் எழுந்த யாவாத்தா எஃகு ஆலை 1901-ல் ஓடத் தொடங்கியது. அதற்கு இரும்புத் தாது சீனாவின் தாயெ சுரங்கத்திலிருந்து கப்பலில் வந்தது. நாட்டின் முதல் பெரிய எஃகு ஆலையே அடுத்த நாட்டுத் தாதுவை நம்பித்தான் ஓடியது. 1905-ல் ரஷ்யாவை வென்றபோது அதே தீபகற்பத்தின் தென்முனைக் குத்தகையும், அங்கிருந்து சாங்சுன் வரை போகும் ரயில் பாதையும் கைக்கு வந்தன. பாதையைக் காக்கக் கிலோமீட்டருக்கு 15 பேர் வரை காவல் வைத்துக்கொள்ளலாம் என்று, அந்தப் போரை முடித்த போர்ட்ஸ்மவுத் ஒப்பந்தத்தின் துணை விதி அனுமதித்தது. தண்டவாளத்துக்குக் காவல் நின்ற இந்தப் படைதான் 1919-ல் குவாண்டுங் படை என்ற பெயரில் தனித் தலைமையோடு நிமிர்ந்தது. இடையில் 1910-ல் கொரியாவை முழுதாகச் சேர்த்துக்கொண்டாயிற்று.

அரசமைப்பு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன்மேல் ஓடுகிறது. 1889 மெய்ஜி அரசமைப்பின் 11-வது பிரிவு, படைகளின் உச்சத் தலைமை பேரரசரிடம் என்றது. நடைமுறையில் இதற்கு அர்த்தம், தரைப்படைத் தலைமையகமும் கடற்படைத் தலைமையகமும் பிரதமரைத் தாண்டி நேரே பேரரசரிடம் போகலாம், போர் நடவடிக்கை பற்றி அமைச்சரவைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது. பேரரசரோ தானாக முடிவெடுப்பதில்லை, கொண்டுவருவதற்கு ஒப்புதல் தருவார். இதோடு இன்னொரு பூட்டு: ராணுவ அமைச்சரும் கடற்படை அமைச்சரும் பணியில் உள்ள தளபதிகளாகவே இருக்க வேண்டும் என்ற 1900-ம் வருட விதி. 1913-ல் தளர்த்தினார்கள், 1936-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். படை ஆள் தர மறுத்தால் அமைச்சரவையே அமையாது. 1937 ஜனவரியில் ஜெனரல் உகாகியைப் பிரதமராக அழைத்தபோது, படைச் செலவைக் குறைத்த பழைய கோபத்தில் ராணுவம் அமைச்சரைத் தரவில்லை. அவர் திரும்பிப் போனார். 1940 ஜூலையில் ராணுவ அமைச்சர் ஹாதா விலகினார், யோனாய் அமைச்சரவை விழுந்தது. ஒரு குண்டு வெடிக்காமலே ஆட்சியைக் கவிழ்க்கும் வசதி இது.

குண்டு வெடித்த சம்பவங்களுக்கும் குறைவில்லை. போர்க்கப்பல்களுக்கு வரம்பு வைத்த லண்டன் கடற்படை ஒப்பந்தத்துக்கு இசைந்த பிரதமர் ஹமாகுச்சி 1930 நவம்பரில் டோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்டு, அடுத்த வருடம் இறந்தார். பிரதமர் இனுகாய் 1932 மே 15 அன்று கொல்லப்பட்டார். அந்த நகாதாவையே 1935-ல் அவருடைய அலுவலக அறையில் ஓர் அதிகாரி வாளால் வெட்டிக் கொன்றார். இந்தச் சூழலில் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

பொருளாதாரம் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. உலகச் சந்தை சரிந்துகொண்டிருந்த 1930 ஜனவரியில் ஜப்பான் யென்னை மீண்டும் தங்கத்தோடு இணைத்தது. நேரம் பார்த்துச் செய்த தவறு என்றே சொல்லலாம். ஏற்றுமதியில் முதலிடம் கச்சாப் பட்டுக்கு, அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. விலை பாதியாகச் சரிந்ததும் பட்டுப்பூச்சி வளர்த்த கிராமங்கள் படுத்துவிட்டன. 1931-ல் வடகிழக்கில் விளைச்சலும் பொய்த்தது. படையின் சிப்பாய்கள் பெரும்பாலும் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள். மஞ்சூரியா கிடைத்தால் நிலம் கிடைக்கும், வேலை கிடைக்கும் என்ற பேச்சுக்கு அங்கே காது கிடைத்தது.

1931 செப்டம்பர் 18 இரவு, முக்தன் நகருக்கு வெளியே லியூத்தியாவ் ஏரிப் பக்கம் ரயில் பாதையில் ஒரு சிறு வெடி. வைத்தது குவாண்டுங் படை ஆட்கள். திட்டம் போட்டவர்கள் இஷிவாரா கான்ஜி, இதாகாகி செய்ஷிரோ என்ற இரண்டு அதிகாரிகள். வெடி எவ்வளவு சிறியது என்றால், சற்று நேரத்தில் வந்த விரைவு ரயில் அந்த இடத்தைக் கடந்து முக்தன் போய்ச் சேர்ந்துவிட்டது. சீனர்கள் பாதையைத் தகர்த்தார்கள் என்று சொல்லி, முன்கூட்டியே ரகசியமாகக் கொண்டுவந்து நிறுத்திய கனரகப் பீரங்கிகளால் சீனப் படை முகாமைச் சுட்டார்கள். இவர்களைத் தடுத்து நிறுத்தச் சொல்லி டோக்கியோ அனுப்பிய மேஜர் ஜெனரல் தாதெகாவா அன்று மாலையே முக்தன் வந்து சேர்ந்திருந்தார். அவரை விருந்துக்கு அழைத்துப்போய்ச் சாப்பிடவும் குடிக்கவும் வைத்துவிட்டார்கள். அவர் கொண்டுவந்த சேதி சொல்லப்படுவதற்குள் வேலை முடிந்தது. (அவருக்கும் அவசரம் ஒன்றும் இருக்கவில்லை என்பது என் எண்ணம்.) மூன்று நாளில் கொரியாவிலிருந்த ஜப்பானியப் படை, உத்தரவு வராமலே எல்லை ஆற்றைத் தாண்டியது. அமைச்சரவை என்ன செய்தது? தாண்டிய படைக்கான செலவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தண்டனை யாருக்கும் இல்லை. அடுத்த மார்ச்சில் மஞ்சூகுவோ என்ற பொம்மை நாடு, அதன் தலைமையில் பழைய சீனப் பேரரசர் பூ யி. 1933 பிப்ரவரியில் நாடுகளின் சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஜப்பானுக்கு எதிராக 42-க்கு 1 என்று வாக்கு விழ, ஜப்பானியப் பிரதிநிதி மத்சுஓகா எழுந்து வெளியேறினார்.

தற்சார்பு வந்ததா என்றால், மஞ்சூரியாவில் நிலக்கரி இருந்தது, இரும்பு இருந்தது, சோயா இருந்தது. எண்ணெய் தேடினார்கள், பயன்படும் அளவில் சிக்கவில்லை. ஃபூஷுன் எண்ணெய்ப் பாறையிலிருந்து பிழிந்தெடுத்தது சொற்பம். அதே மண்ணில் தாச்சிங் எண்ணெய் வயலைச் சீனா 1959-ல் கண்டுபிடித்தது வேறு கதை. பெரிய சிக்கல் பணத்தில் வந்தது. சுரங்கமும் ஆலையும் கட்ட இயந்திரம் வேண்டும், அது அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வர வேண்டும், அதற்கு டாலர் வேண்டும். மஞ்சூரியாவுக்கு ஜப்பான் அனுப்பிய சரக்குக்கு வந்ததோ யென் வட்டாரப் பணம். ஏற்றுமதிப் புள்ளிவிவரம் பார்க்க அழகாக ஏறியது, ஆனால் அந்தப் பணத்தால் கலிஃபோர்னியாவில் ஒரு பீப்பாய் எண்ணெய் வாங்க முடியாது. 1937 தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணிக்குக் கடிவாளம் போட்டு, அந்த மார்ச்சில் தங்கத்தை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றும் நிலைக்கு வந்துவிட்டார்கள். சீனப் போர் அப்போது தொடங்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இஷிவாராவுக்கு இந்தக் கணக்கு புரிந்திருந்தது. பல வருடம் அமைதியாகத் தொழிலை வளர்த்தால்தான் பெரிய போருக்குத் தாங்கும், அதுவரை சீனாவோடு மோதக் கூடாது என்பது அவர் நிலை. 1936 இறுதியில், உள் மங்கோலியாவில் குவாண்டுங் படை நடத்திய தன்னிச்சையான வேலையை நிறுத்தச் சொல்ல அவர் நேரில் போனார். நீங்கள் மஞ்சூரியாவில் செய்ததைத்தானே நாங்களும் செய்கிறோம் என்று முதோ அகிரா என்ற இளைய அதிகாரி திருப்பிக் கேட்க, சுற்றியிருந்தவர்கள் சிரித்ததாகப் பதிவாகியிருக்கிறது. 1937 ஜூலை 7 இரவு பெய்ஜிங்குக்கு வெளியே மார்க்கோ போலோ பாலத்தருகே துப்பாக்கிச் சூடு நடந்தபோது இஷிவாரா தரைப்படைத் தலைமையகத்தில் போர் நடவடிக்கைப் பிரிவுத் தலைவர். சண்டையைப் பெருக்காதீர்கள் என்று மன்றாடினார். எடுபடவில்லை, செப்டம்பரில் மாற்றல்.

பாலத்துச் சண்டையே முழுப் போராக மாறியிருக்க வேண்டியதில்லை, உள்ளூர் அளவில் சமரசமும் ஆனது. பிரதமர் கொனோயேயின் அரசு கூடுதல் படை அனுப்ப முடிவெடுத்தது, சீனத் தலைவர் சியாங் காய்ஷேக் இனிப் பின்வாங்குவதில்லை என்று நின்றார், ஆகஸ்டில் ஷாங்காய் பற்றி எரிந்தது. டிசம்பர் 13 அன்று நான்ஜிங் விழுந்தது. அங்கே நடந்த படுகொலை உலகம் அறிந்தது. ஜெர்மன் தூதர் ட்ராவுட்மன் வழியாகச் சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே ஜப்பான் நிபந்தனைகளைக் கடுமையாக்கியது. 1938 ஜனவரி 16 அன்று, சியாங்கின் அரசோடு இனிப் பேசவே மாட்டோம் என்று கொனோயே அறிவித்தார். போரை முடித்துக்கொள்ள எதிரில் ஆள் வேண்டும். அந்த ஆளையே இல்லை என்றாக்கிவிட்டார். இந்த முப்பது ஆண்டுக் கதையில் ஆகப் பெரிய முட்டாள்தனம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு சீனப் போர் வட்டி கட்டக் கடன் வாங்கும் கதையானது. பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டும் எண்ணெயும் வாங்க டாலர் வேண்டும் என்று கச்சாப் பஞ்சு இறக்குமதியை வெட்டினார்கள். பஞ்சு குறைந்ததும் துணி ஏற்றுமதி அடி வாங்கியது. துணி விற்றுத்தான் டாலரே வந்துகொண்டிருந்தது. பிறகு, ஏற்றுமதி செய்கிறவனுக்கு மட்டும் பஞ்சு என்று 1938-ல் ஒட்டுப் போட்டார்கள். உள்ளூர் மக்களுக்கு மரக்கூழ் இழைத் துணி, துவைத்தால் கந்தலாகும் ரகம். 1939-ல் மேற்கு ஜப்பானிலும் கொரியாவிலும் மழை பொய்த்து, அரிசிக்கும் தென்கிழக்கு ஆசியாவை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. செயற்கைப் பெட்ரோல் திட்டம் 1937-ல் போட்ட ஏழாண்டு இலக்கு 20 லட்சம் கிலோலிட்டர். உயர் அழுத்தக் கலன்களுக்கான தரமான எஃகும் வினையூக்கியும் கிடைக்காமல், வந்தது அதில் சிறு துண்டு.

அமெரிக்கா இந்தப் பலவீனத்தைப் படிப்படியாகத்தான் பிடித்தது. 1911 வணிக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக 1939 ஜூலையில் ஆறு மாத அறிவிப்பு. 1940 ஜூலையில் 87 ஆக்டேனுக்கு மேற்பட்ட விமான பெட்ரோலுக்கும் உயர்தரப் பழைய இரும்புக்கும் உரிமக் கட்டுப்பாடு. ஜப்பான் 87-க்குச் சற்றுக் கீழே உள்ள பெட்ரோலை வாங்கிச் சமாளித்தது. செப்டம்பரில் பிரான்ஸின் காலனியான இந்தோசீனாவின் வடபகுதிக்குள் ஜப்பானியப் படை நுழைந்தது. ஹைஃபோங் துறைமுகத்திலிருந்து யுன்னான் வரை போகும் ரயிலில் சியாங்குக்குச் சரக்கு போவதை மறிக்க. பழைய இரும்பு ஏற்றுமதிக்கு முழுத் தடை என்று 26-ம் தேதி அமெரிக்கா அறிவித்தது. மறுநாளே, 27-ம் தேதி, ஜெர்மனி, இத்தாலியோடு முத்தரப்பு ஒப்பந்தம். அமெரிக்கா பயந்து ஒதுங்கும் என்பது அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த மத்சுஓகாவின் கணக்கு. அமெரிக்கர்கள் கண்ணில் அதன்பின் சீனப் போரும் ஐரோப்பியப் போரும் ஒரே போராகிவிட்டன.

டச்சு இந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) எண்ணெயைப் பேசி வாங்கவும் முயன்றார்கள். 1940 செப்டம்பரில் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தொடங்கிய பேச்சு 1941 ஜூனில் கை விரித்து முடிந்தது. அதே மாதம் ஹிட்லர் ரஷ்யாவுக்குள் புகுந்தார். ஜூலை 2 பேரரசர் அவைக் கூட்டம், தெற்கே முன்னேறுவது, அதற்காக அமெரிக்கா, பிரிட்டனோடு போர் வந்தாலும் தயங்குவதில்லை என்று எழுதிக்கொண்டது. கூடவே வடக்கே ரஷ்யா தளர்ந்தால் அடிக்கலாம் என்று மஞ்சூரியாவில் படையையும் பெருக்கியது. தரைப்படைக்கு வடக்கு, கடற்படைக்குத் தெற்கு என்று இருவரையும் திருப்திப்படுத்திய தீர்மானம். ஜூலை இறுதியில் தென் இந்தோசீனாவுக்குள் படை இறங்கியது. அங்கிருந்து மலாயாவும் சிங்கப்பூரும் விமானத்துக்கு எட்டும் தூரம்.

ஜூலை 26 அன்று அமெரிக்கா ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது. பிரிட்டனும் டச்சு அரசும் பின்தொடர்ந்தன. ரூஸ்வெல்ட் முழு எண்ணெய்த் தடை என்று அறிவிக்கவில்லை. உரிமம் கேட்டால் தரலாம் என்ற வழி இருந்தது. ஆனால் முடங்கிய டாலரை விடுவிக்கும் குழுவில் இருந்த, அமெரிக்க வெளியுறவுத் துறையின் டீன் அச்சிசன் முதலானோர் பணத்தை விடுவிக்கவே இல்லை. உரிமம் கையில், பணம் பூட்டில். ரூஸ்வெல்ட் சர்ச்சிலைக் கடலில் சந்தித்துத் திரும்பி, விவரம் தெரிந்துகொள்வதற்குள் வாரங்கள் போய்விட்டன. இனித் தளர்த்தினால் பயந்ததாகத் தெரியும் என்று அப்படியே விட்டார். டோக்கியோவில் பலர் தென் இந்தோசீனாவுக்கு இவ்வளவு பெரிய பதில் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

இங்கிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கடற்படைத் தலைமை அதிகாரி நகானோ ஜூலை 31 அன்று பேரரசரிடம், எண்ணெய் இரண்டு வருடத்துக்கு, போர் என்றால் ஒன்றரை வருடத்துக்கு என்றார். ரஷ்யக் கப்பற்படையை வென்றதுபோல் வெல்லலாமா என்று கேட்டதற்கு, வெல்வதே உறுதியில்லை என்றார். கடற்படை மணிக்கு 400 டன் எண்ணெய் எரிக்கிறது என்பதும் அவர் கூட்டங்களில் சொன்னதுதான். இன்னொரு முள்ளும் ஓடியது: 1940 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய கடற்படை விரிவாக்கச் சட்டத்தால், 1941 இறுதியில் அமெரிக்காவின் 70 சதவீதமாக இருந்த ஜப்பானியக் கப்பற்படை 1944-ல் 30 சதவீதமாகத் தேயும் என்று மதிப்பிட்டார்கள். இன்று முடியாதது நாளை இன்னும் முடியாது என்ற வாதம் இப்படித்தான் பிறந்தது.

செப்டம்பர் 5 அன்று பேரரசர் தரைப்படைத் தலைமை அதிகாரி சுகியாமாவிடம் எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார். தெற்கே மூன்று மாதம் என்றார் சுகியாமா. சீனச் சண்டை தொடங்கியபோது நீர்தானே ராணுவ அமைச்சர், ஒரு மாதம் என்றீரே, நான்கு வருடமாகியும் முடியவில்லையே என்று பேரரசர் மடக்கினார். சீனாவின் உட்பகுதி பரந்தது என்றார் இவர். பசிபிக் அதைவிடப் பரந்ததல்லவா என்று கேட்டதும் சுகியாமா தலை குனிந்தார். அப்படியும் மறுநாள் அவை, அமெரிக்காவோடு நடந்துகொண்டிருந்த பேச்சு அக்டோபர் தொடக்கத்துக்குள் பலிக்காவிட்டால் போர் என்று கெடு வைத்தது.

பேச்சு முட்டி நின்ற இடம் சீனாவிலிருந்து படையைத் திரும்பப் பெறுவது. எண்ணெய் வேண்டுமானால் அதைச் செய்ய வேண்டும். அக்டோபர் 12 அன்று கொனோயே வீட்டில் கூடினார்கள். அமெரிக்காவோடு போரிட முடியாது என்று கடற்படை அமைச்சர் ஓய்காவா வாய் திறந்து சொல்லியிருந்தால் கதை வேறாக இருக்கலாம். முடிவைப் பிரதமரிடம் விடுகிறேன் என்றார். 1907-லிருந்து அமெரிக்காவை எதிரி என்று காட்டித்தான் கடற்படை தன் பங்கு நிதியை வாங்கிவந்தது; இப்போது முடியாது என்றால் அத்தனை வருடம் வாங்கியது எதற்கு என்ற கேள்வி வரும். ராணுவ அமைச்சர் தோஜோ, படையைத் திரும்பப் பெற்றால் சீனாவில் சிந்திய ரத்தம் வீண், மஞ்சூரியாவும் கொரியாவும் கூட ஆட்டம் காணும் என்றார். கொனோயே விலகினார், தோஜோ பிரதமரானார்.

டச்சு எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு அமெரிக்காவை ஏன் விட்டுவிடவில்லை என்று கேட்பார்கள். வரைபடத்தில் எண்ணெய் கிடைக்கும் பாலெம்பாங், போர்னியோ துறைமுகங்களிலிருந்து ஜப்பானுக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சிங்கப்பூர், மறுபக்கம் அமெரிக்காவின் பிலிப்பைன்ஸ். எண்ணெய்க் கப்பல் அந்த வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது ஹவாயின் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்னால். குறி தெற்கு, ஹவாய் அடி அமெரிக்கக் கப்பற்படை குறுக்கே வராமலிருக்க.

நவம்பர் 5 கூட்டத்தில் திட்டமிடல் வாரியத் தலைவர் சுஸுகி தெய்இச்சி வைத்த எண்களை வாசித்தால், அவர்கள் எங்கே கணக்குத் தவறினார்கள் என்று தெரியும். தெற்கிலிருந்து வரும் எண்ணெய் முதல் வருடம் 3 லட்சம் கிலோலிட்டர், இரண்டாம் வருடம் 20 லட்சம், மூன்றாம் வருடம் 45 லட்சம். கப்பல் இழப்பு வருடத்துக்கு 8 முதல் 10 லட்சம் டன், புதிதாகக் கட்டுவது சராசரி 6 லட்சம் டன். மக்கள் தேவைக்கு 30 லட்சம் டன் கப்பல் எப்போதும் ஒதுக்கி வைத்தால் சமாளிக்கலாம். முதல் வருடம் எண்ணெய் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது, ஏறத்தாழ 15 லட்சம் கிலோலிட்டர். பாலெம்பாங் சுத்திகரிப்பு ஆலைகளை டச்சுக்காரர் முழுதாக அழிப்பதற்குள் பாராசூட் படை இறங்கிப் பிடித்ததும் உதவியது. மூழ்கிய கப்பலில்தான் கணக்கு கவிழ்ந்தது. 1944-ல் மட்டும் இழப்பு 35 லட்சம் டன்னைத் தாண்டியது, அந்த வருடம் வந்த எண்ணெய் 10 லட்சம் கிலோலிட்டரை ஒட்டி. வணிகக் கப்பலுக்குத் துணை போவது கடற்படைக்கு எப்போதும் இரண்டாம் தர வேலை. அதற்கென்று ஒரு தனித் தலைமையகத்தை அமைத்ததே 1943 நவம்பரில்தான்.